ஆச்சி வீட்டுக் குழு: முறப்பநாட்டில் மட்டம் என்ன?

முத்து, சென்னை (மாலை 6.41)
அலுவலக நண்பர் ஒருவர் இந்த ஒலிப்பதிவை அனுப்பியிருக்கிறார். பாபநாசம் அணையிலிருந்து ஒரு லட்சம் கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்றும், தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் எட்டு மணிக்குள் வெளியேற வேண்டும் என்றும் ஒருவர் பதறிக்கொண்டே சொல்கிறார். ஆச்சியை உடனே வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாமா?

வள்ளி, கோவை (6.43)
அம்மா, நான் அழைத்தால் ஏன் எடுக்கவில்லை?

சித்தி, ஸ்ரீவைகுண்டம் (6.50)
அடுப்பில் பால் இருந்தது. இங்கே தூறல்தான் விழுகிறது. ஆச்சி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியப்பா, பாளையங்கோட்டை (6.58)
அந்த ஒலிப்பதிவை இனி யாரும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதில் நாளும் இல்லை, நேரமும் இல்லை, பேசுகிறவர் யார் என்பதும் இல்லை. பாபநாசம் அணைக்கு முழு உயரம் 143 அடி, சேர்வலாற்றுக்கு 156 அடி, மணிமுத்தாற்றுக்கு 118 அடி என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். இன்று காலைக் கணக்குப்படி மூன்றில் ஒன்றுகூட நிரம்பவில்லை; பாபநாசம் மட்டும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. நிரம்பாத அணையிலிருந்து ஒரு லட்சம் கன அடியைத் திறந்துவிட எந்தப் பொறியாளரும் துணிய மாட்டார். அப்படியே திறந்திருந்தாலும், அது நம் ஊரைத் தொடுவதற்கு வெகுநேரம் முன்பே அம்பாசமுத்திரத்தைத் தொட்டிருக்கும். தங்கச்சி, உன் வீட்டுப் பக்கம் ஆறு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

அத்தை, அம்பாசமுத்திரம் (7.04)
படித்துறையில் கீழ்ப்படிகள் மூழ்கியிருக்கின்றன, மேற்படிகள் தெரிகின்றன. துணி துவைத்தவர்கள் இப்போதுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு லட்சம் வந்திருந்தால் நான் இந்நேரம் மொட்டைமாடியில் இருந்து எழுதிக்கொண்டிருப்பேன், அண்ணா.

முத்து, சென்னை (7.06)
கூகுளின் வெள்ள முன்னறிவிப்புப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன். நம் ஆற்றுக்கு நாளை 400 என்றுதான் காட்டுகிறது. நானூறு கன அடி வாய்க்காலில்கூட ஓடுமே, இதற்கா இவ்வளவு பயம்?

பெரியப்பா, பாளையங்கோட்டை (7.17)
முத்து, எண்ணைப் படித்தவன் அலகையும் படித்திருக்க வேண்டும். அது வினாடிக்கு 400 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது ஏறத்தாழ 35.3 கன அடி என்பதால், நீ வாய்க்கால் தண்ணீர் என்று சொன்னது 14,000 கன அடிக்கு மேல் வருகிறது. நம் செய்தித்தாள்கள் கன அடியிலும் அடிக்கணக்கிலும் எழுதுகின்றன. இணையத்தில் இருப்பவர்களோ மீட்டரில் எழுதுகிறார்கள். பாதி வதந்தியும் பாதி அலட்சியமும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. அதற்கும் மேலாக, அந்த 400 என்பது யாரும் ஆற்றில் இறங்கி அளந்த எண் அல்ல; வானிலைக் கணிப்பை வைத்துக் கணினி போட்ட கணக்கு. வருகிற ஏழு நாளில் ஆறு ஏறுமா இறங்குமா என்ற போக்கை அறிய அதைப் பார்க்கலாம். மணிமுத்தாற்றில் மதகை எத்தனை மணிக்குத் தூக்குவார்கள் என்பது அந்தக் கணக்குக்குள் இல்லை. ஆகவே இன்றிரவு உறங்கலாமா என்ற கேள்விக்கு மத்திய நீர்வள ஆணையத்தின் முறப்பநாட்டு நிலையத்தைப் பார்ப்பதே முறை. அங்கே அளப்பது உண்மையான ஆற்றின் உண்மையான மட்டம். அதுவும் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரமே தவிர ஆற்றின் ஆழம் அல்ல. அதைப் பார்த்துவிட்டு யாரும் அலற வேண்டாம். முந்தைய மணியைவிட எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

சித்தப்பா, ஸ்ரீவைகுண்டம் (7.20)
அண்ணனுக்கு இணையம் கற்றுக்கொடுத்தவன் யார் என்று தெரிந்தால் அவனை அணைக்கட்டில் இறக்கிவிடுவேன்.

கார்த்திக், டல்லாஸ் (7.21)
நான்தான் சித்தப்பா. இப்போதுதான் எழுந்தேன்; எதுவாக இருந்தாலும் காப்பி குடித்த பிறகு இறக்குங்கள்.

மாமா, தென்காசி (7.29)
குற்றாலத்தில் எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். சிற்றாற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போகிறது. இந்தத் தண்ணீர் பாபநாசத்துக்கும் மணிமுத்தாற்றுக்கும் கட்டுப்பட்டது அல்ல. நேரே சீவலப்பேரியில் தாமிரபரணியோடு போய்ச் சேர்ந்துவிடும். அணையின் கணக்கை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், மச்சான்.

பெரியப்பா, பாளையங்கோட்டை (7.33)
அதனால்தான் முறப்பநாட்டைச் சொல்கிறேன். கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் கலந்த பிறகு வருகிற ஆற்றை அங்கே அளக்கிறார்கள். அதற்குக் கீழே மருதூர் அணைக்கட்டு, அடுத்தது நம் ஊர் அணைக்கட்டு. முறப்பநாட்டைத் தாண்டிய வெள்ளம் வேறு எங்கும் போய்விடாது.

பெரியம்மா, பாளையங்கோட்டை (7.35)
இவர் கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலின் உற்சவரை, வெள்ளம் வரும் முன்பு கொண்டுபோவதுபோல் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்களா என்று பூக்காரம்மாவிடம் விசாரித்தேன். இன்னும் இல்லை என்று சொன்னார். முருகன் எழுந்தருளாதவரை நான் சப்பாத்தி போடுவதை நிறுத்தப்போவதில்லை.

வள்ளி, கோவை (7.37)
வெள்ளிக்கிழமை வளைகாப்பு நம் ஊரில்தானா என்பதையும் யாராவது சொல்லுங்கள். சமையல்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

சித்தப்பா, ஸ்ரீவைகுண்டம் (7.52)
எல்லோரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பதால் நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17 அன்றும் நீங்கள் இப்படித்தான் அணையின் கணக்கைப் பார்த்தீர்கள். மழையோ அணைக்குக் கீழே, நம் தலைமேல் பெய்தது. மறுநாள் காலையில் எடுத்த கணக்குப்படி காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அந்த மழையில் மதகுக்கு என்ன வேலை? குளங்கள் உடைந்தன, கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் புகுந்தது. எந்தக் குளத்தின் கரை எந்த இடத்தில் கசிகிறது என்பதை உங்கள் பக்கங்களில் ஏதாவது ஒன்று காட்டுகிறதா? ஆற்றங்கரைப் புதுக்குடியில் இருக்கும் நம் ரயில் நிலையத்தில், செந்தூர் விரைவு வண்டியில் ஏறத்தாழ எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்கள். தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியே இல்லாமல் அரித்துக்கொண்டு போய்விட்டது. அவர்களுக்கு ஹெலிகாப்டர் வந்தது. நம் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பெரியப்பா, பாளையங்கோட்டை (7.55)
கேட்கவில்லை என்று சொல்லிக் கேட்பது உனக்குச் சிறு வயதிலிருந்தே வழக்கம். சாலை அறுந்து கிடந்தது, கைபேசித் தொடர்பு இல்லை. எனக்குச் சிறகு முளைத்திருந்தால் வந்திருப்பேன்.

அத்தை, அம்பாசமுத்திரம் (7.56)
இரண்டு பேரும் நிறுத்துங்கள். தம்பி, பத்திரம் இருக்கிற பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாயா?

சித்தப்பா, ஸ்ரீவைகுண்டம் (7.57)
அம்மாவைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே பத்திரத்தைப் பற்றிக் கேட்கிறாய்.

அத்தை, அம்பாசமுத்திரம் (7.57)
போன முறை நனைந்த பத்திரத்துக்கு நகல் எடுக்க அலைந்தவள் நான் என்பதால் கேட்டேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

முத்து, சென்னை (8.05)
வானிலை ரேடார் படத்தில் நம் மாவட்டத்தின் மேல் பெரிய மேகம் எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சித்தப்பா, ஸ்ரீவைகுண்டம் (8.06)
ரேடார் முத்து பேசிவிட்டார், இனி மழை வருவது உறுதி.

பெரியப்பா, பாளையங்கோட்டை (8.14)
முத்து பார்ப்பது திருவனந்தபுரத்துப் படமாக இருக்கும். அதற்கும் நமக்கும் நடுவில் பொதிகை மலை நிற்பதால் மலைக்கு இந்தப் பக்கம் தாழ்வாக வருகிற மேகங்கள் அதில் முழுமையாகத் தெரிவதில்லை. 2023இல் மேகம் கடலிலிருந்து வந்தது, மலையிலிருந்து அல்ல. தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 1992 நவம்பரில் மேலிருந்து ஆற்றில் வந்த வெள்ளத்தைப் போன்றது மீண்டும் வந்தால் முறப்பநாடு நமக்குச் சில மணி நேர அவகாசம் கொடுக்கும். 2023இல் பெய்தது போன்ற மழை வந்தால் முறப்பநாட்டில் ஆறு ஏறுவதற்கு முன்பே நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றுவிடும். ஆகவே ஆற்றுக்கு ஒரு கண்ணும் நம் கூரைக்கு ஒரு கண்ணும் வேண்டும். வீட்டு முற்றத்தில் நேரான வாளி ஒன்றை வைத்து, மணிக்கு ஒரு முறை அளவுகோலை விட்டுப் பாருங்கள். வானிலைத் துறையின் ஒருநாள் மழைக்கணக்கு மறுநாள் காலை எட்டரை மணிக்கு முடிவது. நடுராத்திரியில் அது நமக்கு உதவாது, வாளி உதவும்.

சித்தி, ஸ்ரீவைகுண்டம் (8.18)
வாளி வைத்துவிட்டேன். சாய்வான வாளிதான் இருக்கிறது, பரவாயில்லையா?

பெரியப்பா, பாளையங்கோட்டை (8.19)
சாய்வான வாளியில் அளவு சரியாக வராது. அரிசி டின் இருந்தால் அதை வை.

கார்த்திக், டல்லாஸ் (8.31)
அப்பா, செயற்கைக்கோள் படத்தில் எந்தப் பகுதி மூழ்கியது என்பது தெரியும். சென்டினல்-1 ரேடார் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கிறது. ஆனால் சில நாள்களுக்கு ஒரு முறைதான் நம் ஊரின் மேல் வருகிறது. நிவாரணம் கேட்கும்போது சான்றாகக் காட்டலாம், இன்றிரவுக்குப் பயன்படாது. உங்களுக்கு இரவு என்றால் எனக்குப் பகல். வேலைக்கு நடுவே முறப்பநாட்டு மட்டத்தை மணிக்கு ஒரு முறை பார்த்து இங்கே எழுதுகிறேன். ஆணையத்தின் ஃப்ளட்வாட்ச் செயலியிலும் பார்க்கலாம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை மட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆரஞ்சு என்றால் அபாய மட்டத்தைத் தாண்டிவிட்டது, சிவப்பு என்றால் இதுவரை வந்த உச்ச வெள்ளத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். மஞ்சள் வந்ததும் சித்தப்பாவை அழைத்துவிடுவேன்.

சித்தப்பா, ஸ்ரீவைகுண்டம் (8.34)
கைபேசிக் கோபுரம் செத்துவிட்டால் டல்லாஸில் மஞ்சள் வந்தால் என்ன, சிவப்பு வந்தால் என்ன? அப்போது மூன்று நாள் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்றே உங்களுக்குத் தெரியாது.

பெரியப்பா, பாளையங்கோட்டை (8.41)
அதற்கும் இப்போதே ஒரு முடிவு செய்துகொள்வோம். மின்சாரம் போய்க் கைபேசியிலும் தொடர்பு அற்றுப்போனால், மறு தகவலுக்காகக் காத்திராமல் அம்மாவை மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். தொடர்பு இருக்கும்வரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். ஒலிப்பதிவுகளைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். என் விருப்பம் என்னவென்றால், சாலை நன்றாக இருக்கும் இப்போதே அம்மா பாளையங்கோட்டைக்கு வந்துவிட வேண்டும். நான் வண்டி பேசி அனுப்புகிறேன்.

சித்தி, ஸ்ரீவைகுண்டம் (8.49)
ஆச்சி சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: பசு சினையாக இருக்கிறது, அதை விட்டுவிட்டு நான் எங்கும் வரமாட்டேன், பெரியவனை அந்தக் கைபேசியை வைத்துவிட்டுச் சாப்பிடச் சொல்.

பெரியம்மா, பாளையங்கோட்டை (8.50)
அத்தை சொன்னதை நான் இவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

அத்தை, அம்பாசமுத்திரம் (8.53)
நம் வீட்டில் மாடி ஏது? எதிர்வீட்டு மாடிக்குத்தானே போக வேண்டும்? சுவர் வழக்குக்குப் பிறகு அவர்களோடு யாரும் பேசுவதில்லையே.

சித்தப்பா, ஸ்ரீவைகுண்டம் (8.55)
அவர்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். 2023இல் கேட்காமலேயே சாவி கொடுத்தார்கள். சுவரைப் பற்றி அப்போதும் பேசவில்லை, இப்போதும் பேசப்போவதில்லை. சாவியை யார் கேட்பது என்பதுதான் கேள்வி.

மாமா, தென்காசி (8.58)
மாப்பிள்ளை முத்து கேட்கட்டும். அவர்கள் பையனோடு படித்தவன் அவன்தான்.

முத்து, சென்னை (9.01)
நான் கேட்கிறேன். ஆனால் சுவரைப் பற்றி அவர்கள் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது?

பெரியப்பா, பாளையங்கோட்டை (9.02)
சாவியை மட்டும் கேள்.

கார்த்திக், டல்லாஸ் (10.07)
முறப்பநாடு எச்சரிக்கை மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. முந்தைய மணியைவிடச் சற்று ஏறியிருக்கிறது. மாமா சொன்ன சிற்றாற்றுத் தண்ணீராக இருக்கலாம்.

சித்தி, ஸ்ரீவைகுண்டம் (10.12)
அரிசி டின்னில் அரை விரல் அளவுகூட இல்லை. ஆனால் கிழக்கே மின்னுகிறது.

முத்து, சென்னை (10.20)
தூத்துக்குடியில் பேசிவிட்டேன். சாவி பால்காரரிடம் இருக்கிறதாம். சுவரைப் பற்றிக் கேட்கவில்லை. வளைகாப்புக்கு ஏன் அழைக்கவில்லை என்று கேட்டார்கள்.

வள்ளி, கோவை (10.22)
அழைக்கலாமா, பெரியப்பா? அதோடு மண்டபத்துக்கு நாளை மதியத்துக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும்.

பெரியம்மா, பாளையங்கோட்டை (10.24)
காலை எட்டரை மணிக் கணக்கு வரட்டும். பெரியப்பா உறங்கிவிட்டார்.

சித்தப்பா, ஸ்ரீவைகுண்டம் (10.31)
பால்காரர் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் வருவார். அதுவரை அம்மாவைக் கட்டிலில் உயரமாகப் படுக்கவைக்கிறேன். பசுவை எந்த மாடிக்கு ஏற்றுவது என்று யாராவது யோசித்து எழுதுங்கள்.