பொருள்: தரவு எவரைப் பற்றியதோ அவருக்கு ஒரு பெயர்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சந்திகளில் கமராக்களும் உணரிகளும் பொருத்தி நகரத்தை நிருவகிக்கும் முறையை அது விளக்குகிறது. ‘ஸ்மார்ட் சிட்டி’க்குத் தமிழ்நாட்டில் வழங்கும் ‘சீர்மிகு நகரம்’ என்பதையே எடுத்துக்கொண்டோம். அதில் எனக்கு மனநிறைவு இல்லை, ஆயினும் அதனால் தீங்கில்லை. சேர்க்கப்படும் தரவு எவரைப் பற்றியதோ அவரை ஆங்கிலத்தில் ‘data subject’ என்கிறார்கள். அவருக்குத் தமிழில் இடும் பெயர் பிழையானால், மாணவர் அவருடைய உரிமையையே பிழையாக விளங்கிக்கொள்வர்.

குழுவில் முன்மொழியப்பட்ட சொற்களில் ‘குடிமகன்’ போதாது என்ற உவர்மலை நண்பரின் கருத்து சரியானது. கோணேசர் கோயிலுக்கு வரும் அடியாரும் நிலாவெளிக்கு வரும் வெளிநாட்டவரும் அதே கமராவின் முன்னால்தான் நடக்கிறார்கள். ‘subject’ என்பதை இலக்கண எழுவாயாகக் கொண்ட ‘தரவு எழுவாய்’ என்பதை ஏற்க முடியாது. அவர் அங்கே எதையும் செய்யவில்லை, செயப்படுபொருளாகவே நிற்கிறார். ‘தரவு’ ‘தா’ என்பதன் அடியாகப் பிறந்தது, கமராவின் முன்னால் நடப்பவரோ எதையும் தருவதில்லை என்ற வாதமும் உண்மையே. எனினும் பாடநூல்களில் வேரூன்றிய சொல்லை நாம் இனி அசைக்க முடியாது.

பலரும் விரும்பிய ‘தரவுடையார்’ மீதுதான் என் மறுப்பு முழுவதும். உடைமையைக் காட்டும் ஆறாம் வேற்றுமைக்கு நன்னூல் தற்கிழமை (தன்னிலிருந்து பிரியாதது), பிறிதின்கிழமை (பிரியக்கூடியது) என இரண்டு கூறுகிறது. சாத்தனது பசுவை விற்றால் உறவு முடிந்தது. சாத்தனது கை அப்படியன்று. ஒருவர் முகமும், நடையும், அவர் பஸ் ஏறிய நேரமும் கையின் இனத்தைச் சேர்ந்தவை. ‘உடையார்’ என்று எழுதினால், ‘அவர் விற்றுவிட்டார்’ என்று ஒரு நிறுவனம் வாதிட நாமே வழி திறந்துவிடுகிறோம். நம் நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவு எவரைப் பற்றியதோ அவருக்கான வரைவிலக்கணத்தில் இறந்தவரையும் சேர்க்கிறது. இறந்தவர் எதை உடையவர்? டொரொன்டோ நகரின் ஏரிக்கரையில் 2017இல் அறிவிக்கப்பட்டு 2020இல் கைவிடப்பட்ட கூகிளின் சகோதர நிறுவனமான சைட்வோக் லாப்ஸின் திட்டத்தினர், பொது இடங்களில் சேரும் தரவுக்கு ‘நகரத் தரவு’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் மனிதரே இல்லை. தரவைத் திரட்டும் இடத்திலேயே அதிலிருந்து ஆள் அடையாளத்தை நீக்கும் பொறுப்பு எல்லோர்க்கும் கட்டாயமாகாது என்று அறிந்தபின், அதன் ஆலோசகரான தனியுரிமை வல்லுநர் ஆன் கவூக்கியன் 2018இல் விலகினார்.

உரிமை என்று பொருள்படும் கிழமை என்ற வேரிலிருந்து, சங்கப் புலவர் கோவூர் கிழாரை முன்வைத்து, ‘தரவுக்கிழார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகிய சொல்தான்; ஆனால் பதினெட்டு வயது மாணவர் காதில் அது ‘கிழவர்’ என்றே விழும். நான் முன்வைத்தது ‘தரவு சுட்டும் நபர்’. ‘நபர்’ அரபுச் சொல் என்ற எதிர்ப்பு என்னை அசைக்கவில்லை. அதை இரண்டாம் வேற்றுமைத் தொகையாகப் படித்தால் தரவைச் சுட்டுகிறவர் என்று பொருள் தலைகீழாகும் என்ற எதிர்ப்புக்குத்தான் நான் தலைவணங்குகிறேன்.

இப்போது பெரும்பான்மை ‘தரவுக்குரியவர்’ பக்கம் நிற்கிறது. வெள்ளிக்கு முன் வேறு சொல் கிடைக்காவிட்டால், ‘உரியவர் என்பது இங்கே உரிமையாளரைக் குறிக்காது’ என்ற வரியுடன் அதையே அச்சிடுவேன். காணிக்கு உரியவர் என்று நாள்தோறும் எழுதும் ஊரில் அந்த ஒரு வரி போதாது என்று நிலாவெளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இல்லை.