1930-ஆம் ஆண்டின் பில் டெர்ரி எங்கள் லீகில் ஏன் 0.318-இல் நிற்கிறார்?

கேள்வி – சாட்ஸ்வர்த், டர்பன்

வணக்கம். கிஃப்ட் ங்கோபே 2017 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க் அணிக்காகக் களமிறங்கி, ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் மேஜர் லீகில் ஆடிய முதல் வீரர் ஆன நாள் முதல் நான் பேஸ்பாலைப் பின்தொடர்ந்து வருகிறேன். இப்போது பழைய காலத்து வீரர்களைக் கொண்டு கணினியில் நடத்தப்படும் ஒரு லீகில் எனக்கு ஓர் அணி இருக்கிறது. 1930-இல் 0.401 சராசரி (ஹிட்டுகளின் எண்ணிக்கையை அட்-பேட்டால், அதாவது வாக்கு நீங்கலான அடிக்கும் வாய்ப்புகளால், வகுத்த எண்) எடுத்த பில் டெர்ரியை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தேன். 1968-இல் 0.301 எடுத்த கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி பல சுற்றுகளுக்குப் பிறகே கிடைத்தார். 60 ஆட்டங்கள் முடிந்த நிலையில், டெர்ரி 220 அட்-பேட்டில் 70 ஹிட்டும் (அடித்து பேஸை அடைந்தது) 17 வாக்கும் (walk, பிட்சரின் தவறான நான்கு பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸை அடைந்தது) எடுத்து 0.318-இல் இருக்கிறார். யாஸ்ட்ரெம்ஸ்கியோ 205 அட்-பேட்டில் 64 ஹிட்டும் 38 வாக்குமாக 0.312-இல் இருக்கிறார். லீக் முழுவதன் சராசரி 0.260. காலத்துக்குக் காலம் உள்ள வேறுபாட்டைச் சமன் செய்யும் வசதியை இயக்கியே ஆடுகிறோம். டெர்ரியை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். விவரம் அறிந்த பெரியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – ஃபீனிக்ஸ்

தம்பி, விட்டுவிடாதீர்கள். 0.401 என்ற எண்ணைத் தனியாக எடுத்துப் பார்ப்பதால்தான் இந்த ஏமாற்றம் வருகிறது. 1930-இல், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் டெர்ரி ஆடிய நேஷனல் லீகில் ஆடிய அத்தனை பேரின் சராசரியே 0.303, அந்த ஆண்டு ஏறக்குறைய எல்லோருமே அடித்துக் குவித்தார்கள். 1968 அதற்கு நேர்மாறான ஆண்டு. பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் மேடு 15 அங்குல உயரமாக இருந்தது, பிட்சர் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ரன் மட்டுமே கொடுத்தார், மற்றொரு பிரிவான அமெரிக்கன் லீகின் சராசரி 0.230-க்கு இறங்கியது, அந்த லீகில் 0.300-ஐத் தாண்டிய ஒரே பேட்டர் யாஸ்ட்ரெம்ஸ்கிதான். அடுத்த ஆண்டே மேட்டை 10 அங்குலமாகக் குறைக்க வேண்டி வந்தது.

இப்போது வகுத்துப் பாருங்கள். 0.401-ஐ 0.303-ஆல் வகுத்தால் 1.32, 0.301-ஐ 0.230-ஆல் வகுத்தால் 1.31. ஹிட் அடிக்கும் திறனில் இருவரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்பவர்கள். உங்கள் லீகின் 0.260-ஆல் பெருக்கினால் டெர்ரியிடம் 0.344-உம் யாஸ்ட்ரெம்ஸ்கியிடம் 0.340-உம்தான் எதிர்பார்க்க வேண்டும். 220 அட்-பேட்டில் 0.344 என்பது 76 ஹிட். அவர் எடுத்திருப்பது 70. ஆறே ஆறு ஹிட் குறைவு! மற்றவருக்கும் அதே ஆறுதான் குறைகிறது. இவ்வளவு குறைந்த வாய்ப்புகளில், திறன் சிறிதும் மாறாமலே, தற்செயலால் மட்டும் சராசரி 0.03 வரை ஏறுவதும் இறங்குவதும் மிகச் சாதாரணம்.

சராசரியோடு நின்றுவிடாமல் வாக்கையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். யாஸ்ட்ரெம்ஸ்கி 0.420 அளவுக்கு பேஸை அடைகிறார், டெர்ரி 0.367 அளவுக்குத்தான். 1968-இல் 119 வாக்கு எடுத்தவர் யாஸ்ட்ரெம்ஸ்கி. டெர்ரி 1930-இல் எடுத்தது 57. பிந்திய சுற்றில் கிடைத்தவர்தான் உங்கள் அணியின் உண்மையான செல்வம் என்பது என் உறுதியான கருத்து.

பதில் – லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

ஃபீனிக்ஸ் ஐயா சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் சொந்த மைதானம் எது என்று கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. இங்கே வாண்டரர்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் அடித்த பந்து எவ்வளவு தூரம் பறக்கும் என்பதைக் கடலோர டர்பனின் கிங்ஸ்மீடில் மட்டும் ஆட்டம் பார்த்தவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். நாங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். அமெரிக்காவின் டென்வரில் உள்ள கூர்ஸ் ஃபீல்ட் என்ற பேஸ்பால் மைதானம் சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் பந்து அதிக தூரம் செல்வதோடு, பிட்சர் வீசும் வளைபந்தும் குறைவாகவே வளையும். அப்படிப்பட்ட மைதானத்தில் பாதி ஆட்டங்களை ஆடுகிறீர்கள் என்றால், 0.318 என்பதே கொஞ்சம் ஊதிப் பெருத்த எண்ணாக இருக்கலாம். சொந்த மைதானத்துக்கும் வெளியூருக்கும் தனித்தனிப் பத்தி போட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. என் மைதானம் கூர்ஸ் ஃபீல்ட்தான். முதலிலேயே சொல்லாதது என் பிழை. பிரித்துப் பார்த்தேன்: டெர்ரி உள்ளூரில் 110 அட்-பேட்டில் 38 ஹிட், வெளியூரில் 110-இல் 32 ஹிட்.

பதில் – ஃபீனிக்ஸ்

அப்படியானால் லெனேசியா நண்பர் கேட்டது சரியான கேள்வி. டெர்ரி நான் கணித்ததைவிடச் சற்றுப் பின்தங்கியே இருக்கிறார். ஆனாலும் 110 அட்-பேட்டை வைத்து அவரை அனுப்பிவிடுவது அவசரம். 400 அட்-பேட்டைத் தாண்டும் வரை வைத்திருங்கள். அதுவரை வரிசையில் முதல் ஆளாக யாஸ்ட்ரெம்ஸ்கியை இறக்கி, அவருக்குப் பின்னால் டெர்ரியை ஆட விடுங்கள். பேஸில் ஆள் நிற்கும்போது டெர்ரியின் ஹிட் ரன்னாக மாறும்.