கட்டுக்கரைக்குளம், வங்காலை: எந்த மாதம் நடக்கலாம்?

சோளகம்:
பறவை பார்க்க, மன்னார் முருங்கன் பக்கம் கட்டுக்கரைக்குளத்து அணைக்கட்டில் தொடங்கி, தரவையால் (வெட்டைப் புல்வெளியால்) நடந்து வங்காலைச் சரணாலயம் வரை ஒரே நாளில் முடிக்க எண்ணம். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரும் வருகினம். மார்கழி விடுமுறை சரிவருமோ? கம்பூட்ஸ் (நீள றப்பர் சப்பாத்து) வேணுமோ?

குளக்கட்டு:
முதலில், அது நடந்து தொடுக்கிற தூரமில்லை. மதவாச்சி–தலைமன்னார் ஏ-14 வீதியால் வாகனத்தில் போய் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கோ.

மார்கழி வேண்டாம். அலைகரை (குளத்தின் உள்விளிம்பு) தண்ணிக்குள் கிடக்கும்; தரவையும் வயலும் ஒண்டாகிவிடும். எங்கும் தண்ணி எண்டால் பறவைகளும் எங்கும் சிதறிவிடும். தை கடைசியில் நீர் வடியத் தொடங்க, வெளிவருகிற சேற்று விளிம்பில் கூடும். மாசி முடியுமட்டும் நல்லம். சித்திரைக்குள் வலசை வாத்துகள் அநேகமாய்ப் போய்விடும்.

முருங்கன் மண் கறுப்புக் களி. நனைஞ்சால் அடிக்கு அடி ஒட்டிக் கனக்கும். கம்பூட்ஸ் சேற்றில் நிற்க, கால் மட்டும் வெளியே வரும்! கட்டிலேயே நடவுங்கோ, மூடின சப்பாத்துப் போதும். புல்லுக்குள் புடையன் பாம்பு கிடக்கும், வெறுங்காலும் திறந்த செருப்பும் கூடாது.

ஆட்காட்டி:
வங்காலை 2010 இல் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவமுள்ள) ஈரநிலமானது. ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், பூநாரை வரும் இடம். பூநாரை நிச்சயமில்லை, ஆழமற்ற நீர் எங்கேயோ அங்கேதான் நிற்கும். இங்கே கடல் வற்றுப்பெருக்குச் சிறிது, காற்றும் நீரைத் தள்ளும். ஆகவே நேற்றுப் பார்த்த இடத்தையே நம்பாமல் ஏ-14 ஓரமாக மெல்லப் போய், இரண்டு பக்கமும் பாருங்கள். விடிந்ததும் வெயிலை முதுகுக்கு வைத்து நில்லுங்கள். 8×42 தொலைநோக்கி போதும். பறவைகள் மேய்வதை விட்டுத் தலை தூக்கினால் கிட்டப் போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள்.

பாலைமரம்:
கண்ணிவெடி எச்சரிக்கிற மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்டால் அதற்கப்பால் ஒரு அடியும் வேண்டாம். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் புது வழி பிடிக்காமல், ஊர்ச்சனம் நடக்கிற தடத்திலேயே போங்கோ. குளத்து விளிம்பில் பிள்ளைகளை இறக்காதேங்கோ, முதலை இருக்கு. ஆளுக்கு 2 லீற்றர் தண்ணி.

சோளகம்:
அப்ப மாசிதான். ஆவணியில் ஒண்டுமே இல்லையோ?

குளக்கட்டு:
இருக்கு, வேற மாதிரி. வற்றின குளத்துக்குள் மாடு மேயும். மிஞ்சின குட்டைகளில் மீன் நெருங்கிக் கிடக்க, சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் அங்கே குவியும். களி வெடிச்சுக் கால் புதையிற பிளவு விழும், பிள்ளைகளைக் கையில் பிடியுங்கோ. 9 மணிக்குள் திரும்பிவிடுங்கோ. பிறகு சோளகக் காற்றும் (தென்மேற்குக் காற்று) கானலும், தொலைநோக்கியில் எல்லாம் ஆடும்.