பாட்டி வைத்த வத்தக்குழம்பு: அளவும் பக்குவமும் பகிர்வோம்

கும்பகோணத்திலிருந்து:

பாட்டி வைத்த வத்தக்குழம்பைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. ஆனால் அளவு கேட்டால் "ஒரு கை புளி, கண் திட்டத்துக்கு எண்ணெய்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கைமணம் என்று சொல்லி விட்டுவிட்டால் அந்தக் குழம்பு அவர்களோடு போய்விடும். கண் திட்டத்தைக் கிராமிலும் நிமிடத்திலும் எழுதி வைக்க முடியும், எழுதி வைக்கவும் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் வெங்காயம், பூண்டு இல்லாமல் வைக்கும் முறையை நான் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் வீட்டு முறையைச் சேருங்கள்.

நாலு பேருக்குப் பழம்புளி 35 கிராம். கொட்டையும் நாரும் எடுத்த பிறகு நிறுக்க வேண்டும். சின்ன எலுமிச்சம்பழம் அளவு வரும். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி சிவப்பாக இருக்கும், புளிப்பு வெடுக்கென்று தூக்கும். ஒரு வருஷமாவது உப்புப் போட்டுப் பானையில் அடைத்துக் கறுத்த புளிதான் இந்தக் குழம்புக்கு நிறம் கொடுக்கும். புதுப்புளி மட்டுமே இருந்தால் 25 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெந்நீரில் 20 நிமிஷம் ஊறவைத்து, மூன்று தடவையாகக் கரைத்து வடிகட்டினால் மொத்தம் 600 மில்லி இருக்க வேண்டும்.

நல்லெண்ணெய் 75 மில்லி. இதில் கஞ்சம் பிடித்தால் வத்தக்குழம்பு வராது, புளித்தண்ணீர்தான் வரும். எண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்து, சுண்டைக்காய் வத்தல் இரண்டு மேசைக்கரண்டி போடுங்கள். அரை நிமிஷத்துக்குள் கரும்பழுப்பாகிவிடும். அந்த நிறத்துக்குச் சற்று முன்னாலேயே அரித்து எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே கொஞ்சம் கறுக்கும். கரியாகிவிட்ட வத்தலைச் சேர்த்தால் சட்டி முழுக்கக் கசக்கும்; வெல்லம் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

அதே எண்ணெயில் பட்டாணி அளவு கட்டிப் பெருங்காயம். அது பொரிந்து உப்பிய பிறகு கடுகு ஒரு தேக்கரண்டி, கடுகு வெடித்ததும் துவரம்பருப்பு ஒரு தேக்கரண்டி, கிள்ளிய மிளகாய் வத்தல் இரண்டு, கடைசியாக வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை. வெந்தயம் சிவந்தால் மணம், கறுத்தால் கசப்பு. அதனால்தான் அதைக் கடைசியில் போடுவது. இப்போது அடுப்பை அணைத்துவிட்டுக் குழம்புப் பொடி இரண்டரை தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி போட்டு 20 வினாடி பிரட்டுங்கள். மிளகாயின் நிறமும் மணமும் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. பொடியைக் கொதிக்கிற புளித்தண்ணீரில் நேராகக் கொட்டுவதுதான் பல வீடுகளில் குழம்பு வெளிறிப்போவதற்குக் காரணம்.

புளித்தண்ணீரை ஊற்றி, அரைத் தேக்கரண்டி உப்பு மட்டும் போட்டு, மிதமான தீயில் 25 நிமிஷம். 600 மில்லி 350 ஆக வேண்டும். கடிகாரத்தை விட நுரையைப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் மேலே பொடிப்பொடியாக வெளிர் நுரை கட்டி நிற்கும், வாசனையில் பச்சைப்பொடி நெடி இருக்கும். பிறகு நுரை தானாக அடங்கும், குமிழ்கள் பெரிதாகும், சத்தம் சலசலப்பிலிருந்து தளக் தளக் என்று மாறும். அதன் பிறகு சட்டி ஓரத்தில் எண்ணெய் சிவப்பாக வளையம் கட்டும். அந்த வளையம் நடுப்பக்கம் வரத் தொடங்கும்போது வறுத்த வத்தலையும், சுண்டைக்காய் அளவு வெல்லத்தையும் போட்டு ஐந்து நிமிஷம். இப்போதுதான் உப்பு பார்க்க வேண்டும், ஏனென்றால் வத்தலிலேயே உப்பு இருக்கிறது. ஆரம்பத்திலேயே முழு உப்பும் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அரிசிமாவு கரைத்து விடுவது அவசரத்துக்குத்தான். விட்டே ஆகவேண்டும் என்றால் கடைசியில் ஒரு தேக்கரண்டி மட்டும். முன்கூட்டியே விட்டால் அடிப்பிடிக்கும், எண்ணெயும் பிரியாது.

சேலத்திலிருந்து:

அளவுகள் அருமை. சட்டியைப் பற்றி நான் சொல்கிறேன், பாட்டி வீட்டு ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. மாக்கல்லைக் கடைந்து செய்யும் கல்சட்டியைப் புதிதாக வாங்கினால் நேராக அடுப்பில் ஏற்றவே கூடாது. பழக்க வேண்டும். உள்ளும் புறமும் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசி இரண்டு நாள் வைத்துவிடுங்கள். கல் எண்ணெயைக் குடித்து நிறம் இருளும். மூன்றாம் நாள் கழுவிவிட்டு, தினமும் சோறு வடித்த சூடான கஞ்சியை விளிம்பு வரை ஊற்றி, ஆறும் வரை வைத்துக் கொட்டுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்த பிறகு, கஞ்சியோடு மிகச் சிறிய தீயில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தீயைக் கூட்டிக் கொதிக்க விடுங்கள். இன்னும் இரண்டு நாள் இதையே செய்தால் சட்டி பழகிவிடும்.

கல்சட்டி விரிசல் விடுவது பெரும்பாலும் மூன்று தப்புகளால். வெறும் சட்டியைத் தீயில் வைப்பது, சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது, அடுப்பிலிருந்து இறக்கி ஈர மேடையில் வைப்பது. கல் சூட்டை ஒரே சீராக வாங்காது. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் பிளந்துவிடும். இறக்கி வைக்கப் பிரிமணை அல்லது மடித்த துணி போதும். புதுச்சட்டியில் முதல் சில மாசம் தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டுங்கள். காய்ந்த எண்ணெயின் சூடு அதற்கு அதிகம்.

இன்னொன்று முக்கியம். அடுப்பை அணைத்த பிறகும் கல்சட்டியில் பத்து நிமிஷமாவது குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன 350 மில்லி பதம் எவர்சில்வர் பாத்திரத்துக்குச் சரி. கல்சட்டியில் 400 இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பிட உட்காரும்போது அது குழம்பாக இருக்காது, தொக்காகியிருக்கும். கழுவுவதற்குச் சோப்பு வேண்டாம். கல் அதையும் குடித்துக்கொள்ளும். அரப்பு அல்லது கடலைமாவும் தேங்காய் நாரும் போதும்.

மதுரையிலிருந்து:

கடை வத்தலில் உப்பு வாரியிறைத்திருக்கும், மோர் வாசனையே இருக்காது. வீட்டில் போடுவது சிரமமில்லை, வெயில் மட்டும் வேண்டும்.

பச்சைச் சுண்டைக்காய் ஒரு கிலோ. முற்றி விதை கெட்டியானது வேண்டாம், நகத்தால் அழுத்தினால் அமுங்கும் பருவம். காம்பு கிள்ளிக் கழுவி, அம்மிக் குழவியால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டி வாய் பிளக்கச் செய்ய வேண்டும். நசுங்கிக் கூழாகக்கூடாது. தட்டாமல் போட்டால் மோர் உள்ளே போகாது, கசப்பும் இறங்காது. பின்னால் எண்ணெயில் போடும்போது வெடித்து முகத்தில் தெறிக்கும். ஒரு லிட்டர் புளித்த தயிரைத் தண்ணீர் அதிகம் விடாமல் கடைந்து, கல் உப்பு 100 கிராம் கலந்து, காயை ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் காயை மட்டும் அரித்துத் துணியில் காயப்போட்டு, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மூன்று, நாலு நாளில் மோர் முழுக்கக் காய்க்குள் போய்விடும். அதன் பிறகு மோரில்லாமல் நாலைந்து நாள் வெயில். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். உள்ளே கொஞ்சம் மெத்தென்று இருந்தாலும் டப்பாவில் பூஞ்சை பிடிக்கும்.

மோரில் இருக்கும் நாட்களில் மேகம் போட்டால்தான் ஆபத்து. அன்றைக்கு மோரை மட்டும் கொதிக்கவைத்து ஆற்றி, கூட ஒரு கை உப்புப் போட்டுக் காயை அதிலேயே வைத்திருங்கள். ஐப்பசியில் இதை ஆரம்பிக்காதீர்கள். மாசி முதல் சித்திரை வரைதான் இதற்கான காலம்.

மணத்தக்காளிக்கும் இதே முறைதான், தட்ட வேண்டியதில்லை. பச்சைக் காயாகப் பறிக்க வேண்டும். கறுத்துப் பழுத்தது குழைந்துவிடும். உப்பு பாதி போதும். அது எண்ணெயில் பத்து வினாடிகூடத் தாங்காது.

திருநெல்வேலியிலிருந்து:

எங்க பக்கம் ஆச்சிமார் வைப்பது இதிலிருந்து வேறு. சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், முழுசாகவே நல்லெண்ணெயில் வதக்கிவிடுவார்கள். பொடிக்குப் பதில் வறுத்தரைப்பு: மல்லி இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய் வத்தல் ஆறு, மிளகு அரைத் தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, கடைசியில் தேங்காய்த் துருவல் கால் மூடி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கக் கூடாது. மல்லி வறுபட்டு மணம் வரும்போது சீரகம் கரிந்திருக்கும். ஒவ்வொன்றாக வறுத்து, தேங்காயைத் தனியாகக் காப்பிப்பொடி நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும், சிறு தீயில் எட்டு நிமிஷமாவது ஆகும். வெள்ளையாக விட்டால் குழம்பு இனிக்கும், கூட்டு மாதிரி ஆகிவிடும். அம்மியில் மையாக அரைத்தால் எண்ணெய் தானாகக் கசியும். மிக்சியில் அரைப்பவர்கள் முதலில் தண்ணீர் விடாமல் பொடித்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அரையுங்கள். புளி கொதித்துப் பச்சை வாடை போன பிறகுதான் அரைப்பைச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் பத்து நிமிஷம் போதும்.

புளி ஊறவைக்க வெறும் தண்ணீர் வேண்டாம், அரிசியின் இரண்டாம் கழுநீர் எடுங்கள். அதிலுள்ள மாவுச்சத்தே குழம்பைக் கெட்டியாக்கும். தேங்காய் சேர்ந்தது வெளியில் வைத்தால் மறுநாள் கெட்டுவிடும், அதை மறக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இஞ்சையும் அம்மம்மாமார் சுண்டைக்காய், பாகற்காய் வத்தல் போடுறவை. அதோடை வேப்பம்பூ வடகம் ஒண்டு இருக்கு. உளுந்தை ஊறவைத்துக் கெட்டியாய் அரைத்து, நிழலிலை காய்ந்த வேப்பம்பூ, நறுக்கின சின்ன வெங்காயம், இடிச்ச செத்தல் மிளகாய், உப்பு சேர்த்துக் குழைத்து, சின்னச் சின்னத் தட்டையாய்த் தட்டி வெயிலிலை காயவிட வேணும். மா இளகினால் உள்ளுக்குள்ளை காயாது. தடிப்பாய்த் தட்டினாலும் அப்படித்தான், பொரிக்கேக்கை வெளி கருகி நடு பச்சையாய் நிக்கும். புளிக்குழம்புச் சோத்துக்கு இது பொரிச்சு வைச்சால் வேறை கறி தேவையில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு கேள்வி:

இங்கே இண்டக்‌ஷன் அடுப்புதான். கல்சட்டி வேலை செய்யுமா? புளிக்கு வேறு எந்தப் பாத்திரம் சரி?

சேலத்திலிருந்து பதில்:

இண்டக்‌ஷனில் கல் சூடாகாது, அது காந்தத்தை இழுக்கும் பாத்திரத்துக்குத்தான். சுருள் கம்பி உள்ள மின்னடுப்பில் குறைந்த சூட்டிலிருந்து மெல்ல ஏற்றினால் வைக்கலாம். இல்லையென்றால் அடி கனமான எவர்சில்வர். அலுமினியம் வேண்டாம், புளி அதை அரிக்கும், குழம்பில் உலோக வாடை வரும். ஈயம் பூசாத பித்தளையும் ஆகாது.

ரசத்துக்கு ஈயச்சொம்பு தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் விஷம், அதனால் நம்பகமான இடத்தில் மட்டும் வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். ரசம் வற்ற விட்டால் சொம்பின் அடி போய்விடும். தாளிப்பதும் வேறு கரண்டியில்தான்.

கும்பகோணத்திலிருந்து மறுபடியும்:

திருநெல்வேலி அரைப்பை எல்லோரும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். கழுநீர் விஷயம் எங்கள் பக்கமும் உண்டு, நான்தான் எழுத விட்டுவிட்டேன்.

குழம்பு பிசகினால் என்ன செய்வது என்றும் சேர்த்துவிடுகிறேன். புளிப்புத் தூக்கினால் வெறும் தண்ணீர் விடாதீர்கள்; காரம், உப்பு எல்லாம் சேர்ந்து இறங்கிவிடும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் அரைத் தேக்கரண்டி பொடியைப் பிரட்டி, அரை டம்ளர் வெந்நீரோடு ஊற்றி, கொஞ்சம் வெல்லம் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். உப்புக் கரித்தால் உப்பில்லாத புளித்தண்ணீர் அரை டம்ளர் விட்டு, பச்சை வாடை போகும் வரை மட்டும் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் பிரியவே இல்லையென்றால் இன்னும் கொதிக்கவில்லை என்று அர்த்தம், அல்லது எண்ணெய் போதவில்லை.

தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல். துவரம்பருப்பு அரை கப், மிளகாய் வத்தல் இரண்டு, மிளகு கால் தேக்கரண்டி. சிறு தீயில் பருப்பின் உள் வரை சிவக்க வறுத்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காயும் உப்பும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். பெருந்தீயில் வறுத்தால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும், துவையலில் மாவு வாடை வரும். அப்பளம் பொரித்ததை விடச் சுட்டதே இந்தக் குழம்புக்குப் பொருத்தம்.

பொடியின் அளவு கேட்பீர்கள் என்பதால்: தனியா அரை கிலோ, நீள மிளகாய் கால் கிலோ, துவரம்பருப்பு 100 கிராம், மிளகு 50, விரலி மஞ்சள் 50, வெந்தயம் 25. எண்ணெயில்லாமல், மஞ்சளையும் மிளகாயையும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, மற்றதைச் சட்டி சூட்டில் தனித்தனியாக வறுத்து, முழுக்க ஆறிய பிறகு மெஷினில் கொடுங்கள். அரைத்து வந்ததும் சூடாக இருக்கும், உடனே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி பிடிக்கும். பழைய செய்தித்தாளில் வேண்டாம், அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஒரு மணி நேரம் ஆற்றுங்கள். ஆறு மாசம் வரை மணம் குறையாது.