வானத்திலிருந்து விழுந்த ராக்கெட் பாகம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி:
2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்கு வடக்கே கிரீன் ஹெட் கடற்கரையில் ஆள் உயரத்தைவிடப் பெரிய உருளை ஒன்று ஒதுங்கியதே, நம் பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்டமாக இருக்கலாம் என்று அந்த நாட்டு விண்வெளி முகமை சொன்னது. எரிபொருள் தீர்ந்து கழன்று விழுந்ததுதானே, கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்கிறான் என் தம்பி. எனக்கு அது சரியாகப் படவில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

பதில் 1:
தம்பி சொல்வது தவறு. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 8-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஏவிய பொருள் விண்வெளியில் இருந்தாலும் சரி, பூமிக்குத் திரும்பினாலும் சரி, உரிமை மாறாது. கண்டெடுத்த நாடு ஏவிய நாட்டுக்கும் ஐ.நா. பொதுச் செயலாளருக்கும் தெரிவிக்க வேண்டும், கேட்டால் திருப்பித் தர வேண்டும், மீட்கும் செலவு ஏவியவர்களுடையது. இவை 1968 மீட்பு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. 'கேட்டால்' என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கிரீன் ஹெட் உருளையை என்ன செய்வதென்று ஆஸ்திரேலியாவே முடிவு செய்யலாம் என்று இஸ்ரோ தரப்பு சொல்லிவிட்டது. 1979-ல் விழுந்த அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேபின் துண்டுகளும் அங்கே எஸ்பெரன்ஸ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன.

பதில் 2:
சொந்தம் என்றால் பொறுப்பும் சேர்ந்தேதான் வரும். 1978 ஜனவரியில் சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோடு கனடாவின் வடக்கே விழுந்து, கதிரியக்கத் துண்டுகள் பரந்த பனி நிலமெங்கும் சிதறின. கனடா சுமார் 60 லட்சம் டாலர் கேட்டது, 1981-ல் 30 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டது. தரையில் சேதம் என்றால் 1972 பொறுப்பு ஒப்பந்தப்படி ஏவிய நாட்டின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை.

பதில் 3:
ஆனால் அந்த ஒப்பந்தம் ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்குப் பொருந்தாது. 2024 மார்ச்சில் ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸில் ஒரு வீட்டுக் கூரையையும் இரண்டு மாடித் தளங்களையும் சுமார் 700 கிராம் உலோகத் துண்டு துளைத்தது. விண்வெளி நிலையத்திலிருந்து கழித்துவிட்ட பேட்டரிச் சுமையின் பாகம், நாசாவுடையது. அமெரிக்கர் என்பதாலேயே அந்தக் குடும்பம் நாசாவிடம் தனியாக இழப்பீட்டு மனு போட வேண்டியதாயிற்று. அதே துண்டு வேறு நாட்டில் விழுந்திருந்தால் கேள்வியே இல்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

பதில் 4:
தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இப்படி எதையாவது பார்த்தால் கையால் தொடக் கூடாது, தொட்டியில் ஹைட்ரசின் எரிபொருள் மிச்சம் இருக்கலாம், அது கடும் விஷம். தள்ளி நின்று காவல்துறைக்குச் சொல்லுங்கள்.