மூன்று நாள் கரண்ட் இல்லை என்றால் இன்வெர்ட்டர் மட்டும் போதுமா?

கேள்வி:
நான்கு பேர் உள்ள வீடு. 900 வி.ஏ. இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி ஒன்று. இரண்டு மணி நேர மின்வெட்டுக்கு இது தாராளம். ஆனால் பெரும் புயலோ மின்தொகுப்புக் கோளாறோ வந்து மூன்று நாள் கரண்ட் வராமல் போனால் என்ன ஆகும்? 1 குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ், அதற்குள் இன்சுலின், ஃபைபர் இணையம் எல்லாம் அதையே நம்பி இருக்கின்றன. இன்னொரு பேட்டரி போடுவதா, ஜெனரேட்டரா?

பதில் 1:
முதலில் கணக்கு. 12 × 150 = 1800 வாட்-மணி என்பது காகிதத்தில் மட்டும். உங்களுடையது போன்ற லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எனவே கையில் இருப்பது 900 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவது போக சுமார் 750.

70 வாட் மின்விசிறி இரண்டு, 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, ரவுட்டர் 10 வாட். மொத்தம் 186 வாட். நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே மின்விசிறிகளை 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த கரண்டில் ஓடும் பிரஷ் இல்லாத மோட்டார்) வகைக்கு மாற்றினால் 106 வாட். ஏழு மணி நேரம் வரும். பேட்டரியைக் கூட்டுவதற்கு முன் சுமையைக் குறையுங்கள் என்பதுதான் என் கருத்து.

இன்னொரு பேட்டரி போட்டே ஆக வேண்டுமென்றால் மூன்று விஷயம். உங்கள் இன்வெர்ட்டர் 12 வோல்ட் வகை என்றால் பக்க இணைப்புதான் (ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்) கொடுக்க வேண்டும். தொடர் இணைப்பில் 24 வோல்ட் போய் இன்வெர்ட்டர் எரிந்துவிடும். பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள், பழையது புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். உள்ளே இருக்கும் சார்ஜர் 10 முதல் 15 ஆம்பியர்தான் கொடுக்கும் என்றால் 300 ஆம்பியர்-மணியை நிரப்ப ஒரு நாள் முழுக்க ஆகும். கரண்ட் விட்டுவிட்டு வரும் நாட்களில் நிரம்பவே நிரம்பாது.

பதில் 2:
விளக்கும் விசிறியும் இல்லாமல் இருந்துவிடலாம். முதலில் கையை விரிப்பது தண்ணீர். 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே ஏறக்குறைய 1000 வாட் இழுக்கும், கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். 900 வி.ஏ. இன்வெர்ட்டர் உடனே ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். ஆகவே கரண்டைச் சேமிப்பதைவிடத் தண்ணீராகவே சேமியுங்கள். குடிக்க, சமைக்க, சுத்தத்துக்கு என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் குறைந்தபட்சம். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 180 லிட்டர். கழிப்பறைக்குத் தனியாக வேண்டும். மேல்நிலைத் தொட்டியை எப்போதும் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் இருந்தாலே பெரும் பாரம் குறையும்.

ஃபிரிட்ஜ்: கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. அதனால் ஃப்ரீசரில் காலியிடம் இருந்தால் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிய பாட்டில்களை அடுக்கி வையுங்கள் (முழுக்க ஊற்றினால் உறையும்போது வெடிக்கும்).

இன்சுலினுக்குப் பதற வேண்டாம். பெரும்பாலான வகைகள் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 28 நாள் வரை கெடாது; உங்களுடைய வகைக்கு உறையில் உள்ள தாளைப் பாருங்கள். பலர் செய்யும் தவறு, பனிக்கட்டியோடு ஒட்டி வைப்பது. ஒருமுறை உறைந்துவிட்டால் அது உபயோகப்படாது, தூக்கி எறிய வேண்டியதுதான். ஈரமண் அல்லது ஈரத்துணி சுற்றிய மண்பானை நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமான நாளில் அதை நம்பாதீர்கள்.

பதில் 3:
ஜெனரேட்டர் வாங்குவதானால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (தெருக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது) இல்லாமல் வாங்காதீர்கள். பிளக் பாயின்ட்டில் ஜெனரேட்டரைச் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது கொலைக்குச் சமம். அந்த மின்சாரம் தெரு மின்மாற்றி வழியாகப் பின்னோக்கிப் போய்ப் பல ஆயிரம் வோல்ட்டாக உயரும். கம்பி அறுந்த இடத்தில் வேலை செய்பவர் கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பித் தொடுவார். நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கும் இருமுனைச் சுவிட்ச்சாக இருக்கட்டும்.

வைக்கும் இடம்: வெட்டவெளி, ஜன்னல் கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் கொல்லும் வாயு, அதற்கு மணம் கிடையாது. தலைவலி, மயக்கம், தூக்கம் வருவது போலிருக்கும், ஆபத்து என்றே தெரியாது. மாதம் ஒருமுறை சுமை கொடுத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். பெட்ரோலைக் கார்புரேட்டரில் மாதக்கணக்கில் தங்கவிட்டால் பிசின் கட்டி, தேவைப்படும் நாளில் கிளம்பாது.

பதில் 4:
தொலைத்தொடர்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேச முடிந்தது. ஃபைபரில் ஒளி மட்டும்தான் வருகிறது, வீட்டில் உள்ள ஃபைபர் பெட்டிக்கு (மோடம்) உங்கள் கரண்ட் வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட்தான், சின்ன டி.சி. யு.பி.எஸ். (உள்ளே பேட்டரி உள்ள சிறு பெட்டி) ஒன்றே போதும். செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரி பல இடங்களில் சில மணி நேரமே வரும். பேட்டரி ரேடியோவும் கொஞ்சம் ரொக்கமும் எடுத்து வையுங்கள், இணையம் நின்றால் கைபேசியில் பணம் செலுத்த முடியாது.

மின்தொகுப்பு விழுந்தால் திரும்ப ஏன் இத்தனை நேரம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அனல் மின்நிலையம் கிளம்பவே பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அதனால் முதலில் நீர்மின் நிலையம் போலத் தானாகக் கிளம்பக்கூடியவற்றை ஓட்டி, சிறுசிறு தீவுகளாக உயிர்கொடுத்து, அதிர்வெண்ணும் அலைக் கட்டமும் (ஃபேஸ்) ஒத்துவந்த பிறகே ஒன்றோடொன்று இணைப்பார்கள். 2012 ஜூலை 31 அன்று இந்தியாவின் வட, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் விழுந்தபோது 60 கோடிக்கும் மேற்பட்டோர் இருந்த பகுதி இருண்டது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் விழுந்தபோது நீர்மின் நிலையங்களோடு பிரான்ஸ், மொராக்கோ இணைப்புகளும் ஸ்பெயினுக்குக் கைகொடுத்தன.

கரண்ட் திரும்பும் நொடியில் எல்லா ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுப்பதால் மறுபடியும் விழுவதுண்டு. எனவே கரண்ட் போனவுடன் அவற்றின் சுவிட்ச்சை அணைத்துவிடுங்கள். வந்த பிறகு பத்து நிமிடம் பொறுத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

கேட்டவர்:
கூரையில் சோலார் போட்டால் ஜெனரேட்டரே வேண்டாமா?

பதில் 1:
எந்த வகை என்பதைப் பொறுத்தது. மின்தொகுப்போடு இணைந்த சாதாரண சோலார், கரண்ட் போனதும் உச்சிவெயிலிலும் தானாக நின்றுவிடும். பதில் 3-இல் சொன்ன அதே ஆபத்தைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு. பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருந்தால்தான் அப்போதும் ஓடும். உங்கள் 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதியைத் தினமும் நிரப்ப, ஐந்து மணி நேர நல்ல வெயிலும் 300 வாட் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் (பேட்டரிக்கு ஏறும் கரண்டைக் கட்டுப்படுத்துவது) போதும். புயல் மேகம் மூடிய நாளில் அதில் கால் பங்குகூடக் கிடைக்காமல் போகலாம், சுமையை அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.