ஹாரோஹள்ளி டப்பா: ஜன்னல் விவகாரம்

சனிக்கிழமை

நான், காலை 9:12
(படம்)
நம் வீட்டு வண்டியின் ஹாலில் மாட்டிய ரோலர் பிளைண்ட், அதுதான் சுருட்டித் தூக்குகிற ஜன்னல் திரை, விழுந்துவிட்டது. பெங்களூர் பீன்யாவிலிருந்து ட்ரெய்லரை இழுத்து வந்து கதவைத் திறந்தால், பிராக்கெட்டோடு சோபாவில் படுத்திருக்கிறது.

அத்தை, 9:15
யாருக்கும் அடிபடவில்லையே?

நான், 9:15
ஓடும்போது உள்ளே யார் இருப்பார்கள் அத்தை. பிளைண்டுக்குத்தான் அடி.

அண்ணன், 9:18
நைஸ் ரோடு வரை ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கப்புறம் வரும் ஹம்ப் ஒவ்வொன்றும் குட்டி நந்தி மலை.

சித்தப்பா, 9:24
ஸ்குரூ இருந்த ஓட்டையை டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பு.

நான், 9:27
(படம்)

சித்தப்பா, 9:31
நினைத்தேன். உள்பக்கம் 3 எம்எம் ப்ளை, அதற்குப் பின்னால் தெர்மாகோல், அப்புறம் வெளித் தகடு. ஸ்குரூ பிடித்து நிற்க அங்கே என்ன இருக்கிறது? வீட்டுச் சுவர் என்று நினைத்து மாட்டியிருக்கிறார்கள்.

நான், 9:32
நீளமான ஸ்குரூ போட்டால்?

சித்தப்பா, 9:36
அதை மட்டும் செய்யாதே. சுவரே மொத்தம் 30 எம்எம். நீள ஸ்குரூ வெளித் தகட்டைத் துளைத்துவிடும். மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி ப்ளை அப்பளம் மாதிரி உப்பும். ஜன்னலுக்கு மேலே இரண்டு அங்குல அகலத்தில் ஒரு மரப்பட்டையை பியூ (பாலியூரித்தேன்) பசையில் ஒட்டு. ஜன்னல் அகலத்தைவிட இரண்டு பக்கமும் நீண்டிருக்கட்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிடு. பிராக்கெட்டை அந்தப் பட்டையில் மாட்டு. பட்டை 18 எம்எம் என்றால் ஸ்குரூ 16க்கு மேல் போகக் கூடாது. எடை பட்டை முழுக்கப் பரவிவிடும், ப்ளை பிய்ந்து வராது.

அண்ணன், 9:40
இவ்வளவு எதற்கு? கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடு, கதை முடிந்தது.

நான், 9:43
வண்டிக்குக் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரோட்டில் இழுத்துப் போகிற பெட்டிக்கு எதற்கு வம்பு? அதோடு இந்த ஜன்னல் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். ஃபிலிம் ஒட்டினால் வெயிலில் குமிழ் குமிழாகக் கிளம்பும்.

அக்கா, 10:05
எங்கள் ஹாலில் இருக்கிற ஸீப்ரா பிளைண்ட் போடேன். அழகாக இருக்கும்.

நான், 10:09
ஸீப்ரா இரண்டடுக்குத் துணி அக்கா, கீழே எடையோடு தொங்கும். வண்டி குலுங்கினால் ஊஞ்சல் ஆடும். அலுமினியப் பட்டை வைத்த வெனிஷியன் அதைவிட மோசம், வழி முழுக்கச் சலங்கை கட்டி ஆடும். ஆனால் அடுப்பு மேலே இருக்கிற ஜன்னலுக்கு அதுதான் சரி. தீப்பிடிக்காது, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடலாம்.

அக்கா, 10:11
எதுவானாலும் திரையை இழுக்கிற சங்கிலி வேண்டாம். குட்டிக்கு மூன்று வயது. கையில் கிடைத்ததைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான்.

நான், 10:14
அதனால்தான் ஸ்பிரிங் ரோலர் வாங்கினேன். அதிலும் ஒரு சிக்கல். குலுக்கலில் லாக் விட்டுப்போய், டப்பென்று தானே சுருட்டிக்கொள்கிறது. கீழ்ச் சட்டத்தின் இரண்டு முனையையும் சுவரோடு பிடிக்க ஒரு கொக்கி வேண்டும்.

சித்தப்பா, 10:16
அளவு எப்படி எடுத்தாய்?

நான், 10:20
ஜன்னல் 900க்கு 500 எம்எம். மூலை நான்கும் வளைவு, அதனால் சட்டத்துக்குள்ளே உட்காராது. வெளியே மாட்டுகிறேன், எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதல். ஜன்னல் கைப்பிடி இரண்டு விரல் அளவுக்கு உள்ளே துருத்திக்கொண்டிருக்கிறது, துணி அதில் மோதும்.

சித்தப்பா, 10:22
பட்டையையே தடிமனாகப் போடு, கைப்பிடியைத் தாண்டிவிடும். அந்த இடைவெளி நல்லதுதான். உச்சி வெயிலில் முழு இருட்டுத் துணியை அக்ரிலிக்கோடு ஒட்டி மூடினால் நடுவில் சூடு அடைந்து ஜன்னலே வளையும். மேலே கொஞ்சம் காற்று போகவிடு. வெளியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும்.

அண்ணன், 11:02
விலை?

நான், 11:06
அங்கேதான் எரிச்சல். ஒரு ஜன்னலுக்கு ஆறரை சதுர அடிதான் வருகிறது. கடையில் ஒரு பிளைண்டுக்குக் குறைந்தது பத்து சதுர அடிக்குத்தான் பில் போடுவார்களாம். நான்கு ஜன்னல், 26 அடித் துணிக்கு 40 அடிப் பணம்.

அத்தை, 11:10
நம் பழைய வீட்டில் ஸ்பிரிங் கம்பி போட்டிருந்தோமே. பிளாஸ்டிக் உறை போட்டது. மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இரண்டு முனையிலும் வளையாணி. துணியை இரண்டு பக்கமும் மடித்துத் தைத்துக் கம்பியை நுழைத்தால் ஆடவும் ஆடாது, விழவும் விழாது.

அண்ணன், 11:11
அத்தை, இது ஷூட்டிங் கேரவன் இல்லை என்றாலும் கொஞ்சம் மரியாதை வேண்டாமா?

சித்தப்பா, 11:15
சிரிக்காதே. உன் அத்தை சொல்வது சரி. கீழேயும் கம்பி இருந்தால் அதுதான் வண்டிக்கு. வளையாணி மட்டும் பட்டையில் இறங்கட்டும், கீழேயும் ஒரு பட்டை ஒட்டு.

அக்கா, 11:17
படுக்கிற இடத்துக்கு அது போதும். ஹாலுக்கு?

நான், 11:21
ஹாலுக்கு வெளியே தெரிகிற மாதிரி வலைத்துணி ரோலர் போடலாம் என்று இருந்தேன். பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது.

அக்கா, 11:22
ராத்திரி?

நான், 11:30
இப்போதுதான் சோதித்தேன். பிளைண்ட் கடையில் கொடுத்த மாதிரித் துணியை வீட்டுக் குளியலறை ஜன்னலில் பிடித்து, உள்ளே லைட் போட்டு, கதவைச் சாத்தி இருட்டிய நடையில் நின்று பார்த்தேன். பல் தேய்க்கிற பிரஷ் என்ன நிறம் என்று வரை தெரிகிறது.

அத்தை, 11:31
போதும், அதற்குள்ளேயும் ஒரு துணி போடு.

நான், 11:36
சரி, முடிவு. ஹாலில் இருக்கிற இரண்டு ஜன்னலுக்கும் வலைத்துணி ரோலர், அதற்கு உள்பக்கம் ராத்திரிக்கு டிச் பட்டன் வைத்த இருட்டுத் துணி. அடுப்புக்கு வெனிஷியன். படுக்கைக்கு அத்தை கம்பி. மதியம் சிக்பேட்டைக்குத் துணிக்கும், எஸ்.பி. ரோட்டுக்குக் கம்பிக்கும் போகிறேன்.

அத்தை, 11:38
எனக்கும் நான்கு மீட்டர் கம்பி வாங்கு. பூஜை அறைத் திரை தொங்கிப்போய் ஆறு மாதம் ஆகிறது, இந்த வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை.

சித்தப்பா, 11:39
வளையாணியும் சேர்த்து வாங்கு. என் ட்ரில் உன் அண்ணனிடம்தான் இருக்கிறது, தீபாவளியிலிருந்து.

அண்ணன், 11:52
இந்தச் செய்தி நீக்கப்பட்டது